விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி உண்டு



இந்த அரங்கில் இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களில், முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ரெசிடென்சிக்குத் தயாராகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னதில் ரேங்க், கவுன்சலிங் என்று காரியம் முடிந்துவிடும், நேர்காணல் கிடையாது. பின்னதில் மதிப்பெண் வாசல்வரைதான் கூட வரும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டத்துக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண்ணே இல்லை. தேர்ச்சியா, இல்லையா என்பது மட்டும்தான். 2024-இல் ‘மேட்ச்’ எனப்படும் ரெசிடென்சி சேர்க்கையில், வேறு நாட்டில் படித்து, அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாத விண்ணப்பதாரர்களில் இடம் கிடைத்தவர்கள் 58.5 சதவீதம். அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்தே பலர் விண்ணப்பத்தை ஊதிப் பெருக்குகிறார்கள். ‘ஈராஸ்’ இணைய விண்ணப்பத்தில் அனுபவங்களுக்கு 10 இடங்கள் உண்டு. பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று விதி இல்லை. ஒருவர் “மருத்துவ முகாமில் பங்கேற்றேன்” என்று எழுதுகிறார். இன்னொருவர், “சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லாதவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன்” என்கிறார். நேர்காணலில் அடுத்த கேள்வி தானாக வரும்: அனுப்பியவர்கள் போனார்களா? போகாதவர் ஏன் போகவில்லை? பஸ் வசதி இல்லை, ஒரு நாள் கூலி போய்விடும், வலிக்காத காலுக்கு எதற்கு வைத்தியம்... முகாமில் நின்றவரால் பத்து நிமிடம் பேச முடியும். பெயர் மட்டும் கொடுத்தவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார்.

பரிந்துரைக் கடிதமும் இப்படித்தான். பெரிய பதவியில் இருப்பவரின் பொதுவான பாராட்டைவிட, நைட் டியூட்டியில் கூட நின்று வேலையைப் பார்த்தவர் எழுதும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம்.

நேர்காணல்கள் கொரோனா காலத்திலிருந்து பெரும்பாலும் வீடியோவில்தான். வேறெங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்பது மேட்ச் விதிகளுக்குப் புறம்பு. கேட்டால் பணிவாகத் தவிர்த்துவிடலாம்.

கடைசியில், எந்த மருத்துவமனையில் சேர விருப்பம் என்று வரிசைப்படுத்தித் தரும் பட்டியல். “அங்கே நமக்குக் கிடைக்காது, கிடைக்கிற இடத்தை முதலில் போடுவோம்” என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அது தப்புக்கணக்கு. மேட்சில் இடம் ஒதுக்கும் முறை, கணித அறிஞர்கள் டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி 1962-இல் வெளியிட்ட கருத்தை ஒட்டியது. அதைப் பொருளியலாளர் ஆல்வின் ராத் திருத்தி அமைத்த வடிவம் 1998 முதல் நடப்பில் உள்ளது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. விண்ணப்பதாரரின் முதல் விருப்பத்தைத்தான் கணினி முதலில் முயலும். அங்கே இடமில்லையென்றால் இரண்டாவதற்கு நகரும். முதலாவதைக் கேட்டதற்காக இரண்டாவதில் வாய்ப்புக் குறையாது. ஆகவே மனத்தில் உள்ள வரிசையே பட்டியலிலும் இருக்கட்டும்.

வரும் செப்டம்பரில் விண்ணப்பிக்க இருப்பவர்கள் பரிந்துரைக் கடிதத்தை இன்று மாலையே கேட்டுவிடலாம். எழுதித் தர வேண்டிய பேராசிரியர்கள் எல்லாரும் இதோ, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.