‘ஏகமனதாய் நிறைவேறிற்று’



ஒரு சபையில் யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் ‘ஏகமனதாய் நிறைவேறிற்று’ என்று எழுதிக்கொள்ளுகிறோம். அந்த ஏகமனது எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டதால் வந்ததென்று பார்ப்பாரில்லை. தலைவர் முதலிலேயே தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, “யாருக்காவது ஆட்சேபணையுண்டா?” என்கிறாரே, அது கேள்வியா, உத்தரவா?

1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, நாடு விட்டு வந்த கியூபர் சுமார் 1400 பேரைக் கொண்டு கியூபாவின்மீது படையெடுக்க ஆலோசித்தார். கூடியிருந்தவர்கள் பட்டிக்காட்டாரல்ல, பேர்போன சர்வகலாசாலைகளில் படித்த மேதாவிகள்! அவர்களில் ஷிலெசிங்கர் என்னும் சரித்திர ஆசிரியர், இது தகாதென்று ஜனாதிபதிக்குத் தனியே எழுதிக் கொடுத்தார். சபையிலோ வாய் திறக்கவில்லை. போதாக்குறைக்கு ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் அவரைத் தனியே அழைத்து, முடிவு செய்தாகிவிட்டது, இனி வற்புறுத்த வேண்டாமென்று சொல்லி வைத்தார். ஏப்ரல் 17-ல் இறங்கிய படை மூன்றே நாளில் முறிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

ஜானிஸ் என்ற மனோதத்துவ ஆசிரியர் 1972-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைக் கிளறிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொருவரும் மற்றவர் மௌனத்தைச் சம்மதமென்று எண்ணினார்கள். பகையினாலல்ல, சிநேகம் கெடக்கூடாதென்ற தாட்சண்யத்தாலேயே வந்த வினை இது. பேய்க்குப் பயப்படாதவன்கூடப் பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் பயப்படுகிறான்!

மறுவருஷம், 1962-ல், கியூபாவில் ருஷ்ய ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது கென்னடி வேறு வழி பிடித்தார். ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றுக்குத் தாம் போகாமலேயே இருந்துவிட்டார். அவர் இல்லாத அறையில் வாதம் தாராளமாய் நடந்தது.