துயரத்திற்கும் ஓர் இடம்

பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவன் முகம் வாடி வீடு திரும்புகிறான். "போனால் போகட்டும், அழாதே" என்கிறார்கள் பெற்றோர். அன்பினால் எழும் சொல்தான் அது. ஆயினும், அழுகையை அடக்கிக்கொண்ட அந்த உள்ளத்தில் பிறகு என்ன நிகழ்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்த்த திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இன்சைட் அவுட்' என்னும் சித்திரப் படம் அது. இயக்கியவர் பீட் டாக்டர். துள்ளித் திரிந்த தம் மகள் 11 வயதளவில் மௌனமாகிவிட்டதை அவர் கண்டார். அவளுடைய மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று வியந்தார். அந்த வியப்பே கதைக்கு வித்தாயிற்று.

கதைத் தலைவி ரைலி, 11 வயதுச் சிறுமி. மின்னசோட்டா மாநிலத்தில் பனிக்கட்டித் தரையில் ஹாக்கி ஆடி வளர்ந்தவள். குடும்பம் சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்கிறது. அவள் மனத்தினுள்ளே மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், அருவருப்பு என ஐந்து உணர்ச்சிகள் ஐந்து பாத்திரங்களாக நின்று அவளை இயக்குகின்றன. நினைவுகள் ஒளிவீசும் உருண்டைகளாக வந்து சேர்கின்றன. மகிழ்ச்சியின் நிறம் மஞ்சள். துயரத்தின் நிறம் நீலம்.

அங்கே தலைமை மகிழ்ச்சிக்குத்தான். துயரம் எதற்காக இருக்கிறது என்பதே அதற்கு விளங்கவில்லை. புதிய பள்ளிக்கு ரைலி செல்லும் முதல் நாளில், தரையில் ஒரு வட்டம் வரைந்து, "இதற்குள்ளேயே நில்" என்று துயரத்திற்குக் கட்டளையிடுகிறது. வெளியே தாயும் ஏறக்குறைய இதையே கேட்கிறாள்: தந்தைக்குக் கவலை மிகுந்திருக்கிறது, ஆகவே நாம் சிரித்த முகத்தோடு இருப்போம் என்கிறாள்.

விளைவு என்ன? எதிர்பாராத ஒரு குழப்பத்தில் மகிழ்ச்சியும் துயரமும் தலைமையிடத்தை விட்டு வெகுதூரம் தூக்கி எறியப்படுகின்றன. எஞ்சிய மூன்றும் தடுமாறுகின்றன. ரைலி பெற்றோரிடம் சீறுகிறாள், நட்பை முறிக்கிறாள், பழைய ஊருக்கே ஓடிவிட எண்ணிப் பேருந்தில் ஏறுகிறாள். அவ்வேளையில் மனத்தின் இயக்கப் பலகை இருண்டு செயலற்றுப் போகிறது. அவளுக்கு அழுகையும் வரவில்லை, அச்சமும் வரவில்லை. துயரத்தைக் காட்டிலும் கொடியது எதையும் உணர முடியாத இந்த வறட்சியே என்பதைப் படம் நமக்குக் காட்டிவிடுகிறது.

திரும்பும் வழியில் நிகழும் ஒரு காட்சி என் நெஞ்சை விட்டு நீங்காதது. ரைலி குழந்தையாயிருந்தபோது கற்பனையில் படைத்த தோழன் பிங் பாங். அவனுடைய விளையாட்டு வண்டி குப்பைப் படுகுழியில் தள்ளப்படுகிறது. அவன் இடிந்து உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கிறது; வேடிக்கை காட்டிப் பார்க்கிறது. பயனில்லை. துயரமோ அருகில் அமர்ந்து, அவன் இழந்ததைப் பற்றியே பேசுகிறது. அவன் மனம்விட்டு அழுகிறான். அழுது தீர்ந்ததும் எழுந்து நடக்கிறான்.

மகிழ்ச்சி பாடம் கற்பது அதன் பிறகுதான். ஒரு ஹாக்கி ஆட்டத்தின் முடிவில் தோழியர் ரைலியைத் தூக்கிக் கொண்டாடிய பொன்னான நினைவை அது பின்னோக்கிப் பார்க்கிறது. அதன் தொடக்கம் நீலமாயிருக்கிறது! வெற்றிக் கோலைத் தவறவிட்ட ரைலி தனியே வருந்தி அமர்ந்திருந்தாள். அந்த வருத்தத்தைக் கண்டே பெற்றோரும் தோழியரும் தேடி வந்தனர். துயரத்தின் பணி இதுதான். "எனக்குத் துணை வேண்டும்" என்று பிறர்க்கு அறிவிக்கும் மொழி அது.

இறுதியில் துயரம் இயக்கப் பலகையைத் தொடுகிறது. ரைலி பேருந்தைவிட்டு இறங்கி வீடு திரும்பி, பழைய ஊருக்காக ஏங்குவதைச் சொல்லி அழுகிறாள். தங்களுக்கும் அந்த ஏக்கம் உண்டு என்று பெற்றோர் கூறி அவளை அணைத்துக்கொள்கின்றனர். அப்போது பிறக்கும் நினைவுருண்டையில் மஞ்சளும் நீலமும் கலந்திருக்கின்றன.

தொடக்கத்தில் மகிழ்ச்சியோடு அச்சத்தையே வழித்துணையாக அனுப்ப எண்ணியிருந்தார் இயக்குநர். கதை ஓடவில்லை. தாம் மிக நேசிப்பவர்கள் தம்மோடு துயரத்தையும் பகிர்ந்துகொண்டவர்களே என்று உணர்ந்த பிறகே துயரத்தைத் தேர்ந்தெடுத்தார். பால் எக்மன், டேக்கர் கெல்ட்னர் ஆகிய உளவியல் அறிஞர்களும் ஆலோசனை கூறினர். 2016இல் சிறந்த சித்திரப் படத்திற்கான ஆஸ்கர் பரிசும் கிடைத்தது.

மாணவ நண்பர்களே! எந்நேரமும் சோர்ந்திருங்கள் என்று இப்படம் சொல்லவில்லை. வருத்தம் வரும்போது அதைச் சுற்றி வட்டம் வரையாதீர்கள் என்றே சொல்கிறது. நம்பத்தக்க ஒருவரிடம் மனம் திறந்து சொல்லுங்கள். உங்கள் தோழன் வருந்தினால், அறிவுரை கூறுமுன் சற்றுநேரம் அவனருகில் உட்காருங்கள்.