இரக்கம் போதாது, வித்தை வேண்டும்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துத் தோழர்கள் கூடியிருக்கும் இவ்விடத்தில், கண் தெரியாத, காது கேளாத, புத்தி வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் படிப்பைப்பற்றி நாம் பேச வந்திருக்கிறோம். "இதில் பேச என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைகளுக்கு ஏதோ தர்மம் செய்தால் போதாதா?" என்று சிலர் நினைக்கலாம். போதாது என்பதுதான் நமது பேச்சு.

அப்பிள்ளைகளைப்பற்றி நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "முன் ஜென்ம வினை" என்கிறார்கள். தமக்குப் பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறவர்கள், பிள்ளைக்குப் பார்வையில்லையென்றால் மாத்திரம் விதியென்று உட்கார்ந்துவிடுவானேன்? வைத்தியர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா நோய், விட்டமின் ஏ குறைந்த ஆகாரம், அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்திற்குள்ளேயே செய்துகொள்ளும் கல்யாணம் ஆகியவைகளால் இக்குறைகள் வரக்கூடும். வினை என்று சொல்லிவிட்டாலோ, காரணத்தைத் தேடவும் வேண்டாம், கற்பிக்கவும் வேண்டாம். சோம்பேறிக்கு இதைவிடச் சௌகரியமான தத்துவம் வேறு கிடைக்குமா?

இவர்களுக்குக் கற்பிப்பது ஒரு வித்தை. நல்ல மனசு மாத்திரம் இருந்தால் வந்துவிடாது. பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில், தாமே பார்வையற்றவர், ஆறு புள்ளிகளைக்கொண்டு ஒரு எழுத்து முறையைக் கண்டார். அதைச் சட்டத்தில் வைத்துக் கையால் எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்திப் போகவேண்டும். காகிதத்தைத் திருப்பி, இடமிருந்து வலமாக விரலால் தடவிப் படிக்கவேண்டும். புத்தி வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைக்குச் சட்டைப் பித்தான் போடுவதைக்கூடச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்கவேண்டும். எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவருக்கும் இது கற்றால்தான் வரும்.

கற்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான சர்க்கார் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. டேராடூனிலுள்ள தேசிய நிறுவனத்தின் கிளை மையமும் 1988 முதல் அங்கே இருந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. முட்டுக்காட்டில், பல குறைகள் ஒருங்கே உடையவர்களுக்கென்று 2005-ல் ஏற்பட்ட நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்றபின் இரண்டு வருஷம் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். 1992-ம் வருஷத்துச் சட்டப்படி, இப்படிப் படித்துப் பதிவு செய்துகொண்டவர்களே இத்தொழிலுக்கு உரியவர்கள்.

2016-ம் வருஷத்துச் சட்டம் 21 வகைக் குறைகளைக் கணக்கிட்டு, குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாத பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையென்கிறது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய சர்க்கார் 2022-ல் வகுத்தது. அதன்படி வேலை இடங்களை ஏற்படுத்தும்படி, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநில சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. கோர்ட்டார் உத்தரவிட்டால்தான் வாத்தியார் வருவாரென்றால், அதுவரை இப்பிள்ளைகளை நாம் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

தோழர்களே! ஒரு காலத்தில் இன்ன ஜாதியானுக்குப் படிப்பு எதற்கு என்றார்கள். இன்று கண் தெரியாதவனுக்குப் படிப்பு எதற்கு என்கிறார்கள். ஆள் மாறியிருக்கிறதே தவிர, வாதம் மாறவில்லை. முன்னதை அக்கிரமம் என்று கண்ட நாம் பின்னதைச் சகித்திருக்கலாமா?

ஆகையால், குறையுள்ள பிள்ளையை வீட்டு மூலையில் வைத்திருக்கும் பெற்றோர்கள், பரிகாரத்துக்குச் செலவிடும் பணத்தையும் நாளையும் பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுங்கள். படித்த வாலிபர்களும் பெண்களும் இந்தப் படிப்பையும் ஒரு கௌரவமான தொழிலாக எண்ணிப் படியுங்கள். மற்றவர்கள், உங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் இவ்வாசிரியர் இருக்கிறாரா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். இல்லையென்றால், வரும்வரை கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.