எண்ணிக்கைக்கு முந்திய முடிவு



நமக்கெல்லாம் பழக்கமான ஒரு தேர்தல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2006 சட்டமன்றத் தேர்தலில் தேமுதிக தனித்து நின்றது. மாநிலம் முழுக்க 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியும் கிடைத்தது ஒரே இடம், விருத்தாசலம். 2011இல் அதே கட்சி அதிமுக அணியில் சேர்ந்து 41 தொகுதிகளில் நின்றது. வாக்கு விழுக்காடு 8க்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. இடங்களோ 29 ஆயின. அதன் தலைவர் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அந்த 41 தொகுதிகளில் விழுந்த ஓட்டில் கூட்டாளிகளின் ஓட்டும் கலந்திருந்தது என்பது உண்மைதான். ஐந்து ஆண்டில் மக்கள் மனமும் மாறியிருக்கும். ஆனாலும் ஒன்று இருபத்தொன்பது ஆவதற்கு மனமாற்றம் மட்டும் போதாது. அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவருக்கே தொகுதி என்ற விதி இருக்கும்வரை, பரவிக் கிடக்கும் ஓட்டுக்கு ஒரு விலை, குவித்து வைத்த ஓட்டுக்கு வேறு விலை.

நம் ஊர் டீக்கடையில் இது தெரியாதவர் இல்லை. "அவர் ஜெயிக்க நிக்கலை, ஓட்டைப் பிரிக்க நிக்கிறார்" என்று சொல்கிறவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கவில்லை. தேர்தல் முடிந்தபின் இதையே 'மக்கள் தீர்ப்பு' என்று தலைப்புப் போட்டு வணங்குகிறோம். அந்தத் தீர்ப்பில் மக்கள் எழுதியது ஒரு பாதி. மறுபாதியை, எந்த மையும் விரலில் படுவதற்கு முன்பே, எண்ணும் விதியை வகுத்தவர்கள் எழுதிவிட்டார்கள். இன்று நான் பேச வந்தது அந்த மறுபாதியைப் பற்றி.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் புரட்சிக்கு முந்திய பிரான்சின் அறிவியல் கழகத்தார். கடற்படைப் பொறியாளரான போர்தா, வரிசையில் மேலே இருப்பவருக்கு அதிக மதிப்பெண், கீழே போகப்போகக் குறைவு என்று கொடுத்துக் கூட்டலாம் என்றார். கோந்தோர்சே அதை ஏற்கவில்லை. இருவர் இருவராக மோதவிட்டு எல்லாரையும் வெல்பவரே வென்றவர் என்றார். 1785இல் அவர் வெளியிட்ட நூலில், தன் முறைக்கே இடிக்கும் ஒரு முடிச்சையும் மறைக்காமல் காட்டினார்.

அந்த முடிச்சை நம் ஊர்க் கோயில் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். உண்டியல் பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. தேரைப் பழுது பார்க்கலாம், குளத்தைத் தூர் வாரலாம், அல்லது மண்டபம் கட்டலாம், ஒன்றுக்குத்தான் பணம். அறங்காவலர் மூவர். முதலாமவருக்குத் தேர் முதல், குளம் அடுத்து, மண்டபம் கடைசி. இரண்டாமவருக்குக் குளம், மண்டபம், தேர். மூன்றாமவருக்கு மண்டபம், தேர், குளம். தேரா குளமா என்று கேட்டால் இரண்டுக்கு ஒன்று, தேர். குளமா மண்டபமா என்றால் இரண்டுக்கு ஒன்று, குளம். அப்படியானால் தேரா மண்டபமா என்று கேட்கவே வேண்டாம் என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள்: இரண்டுக்கு ஒன்று, மண்டபம்! மூவரில் ஒருவருக்கும் மூளை குழம்பவில்லை. மூவரையும் சேர்த்து 'கமிட்டி' என்று பெயர் வைத்ததும் அந்தக் கமிட்டிக்குக் குழம்பிவிட்டது.

இனி தலைவர் கையில் இருக்கும் வித்தையைப் பாருங்கள். மண்டபம் வேண்டும் என்றால் முதலில் தேரையும் குளத்தையும் மோதவிடுவார்; தேர் வெல்லும், அடுத்து மண்டபத்திடம் தோற்கும். தேர் வேண்டும் என்றால் முதலில் குளத்தையும் மண்டபத்தையும் மோதவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் கை தூக்கி, எண்ணி, பெரும்பான்மைப்படியே முடிவு. நிகழ்ச்சி நிரலை எழுதுகிறவர் கையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வித்தையை ரோமானியர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். கி.பி. 105இல் அஃப்ரானியஸ் டெக்ஸ்டர் என்ற கான்சல் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலையா, வீட்டாரின் கைவேலையா, தெரியவில்லை. அவருடைய விடுதலை பெற்ற அடிமைகளை என்ன செய்வது என்று செனட்டில் விவாதம். விட்டுவிடலாம் என்றது ஒரு தரப்பு, தீவுக்கு நாடு கடத்தலாம் என்றது இன்னொரு தரப்பு, கொல்லவேண்டும் என்றது மூன்றாவது. செனட்டர் இளைய பிளினி விட்டுவிடலாம் என்ற தரப்பு. கொல்லச் சொன்னவர்களும் கடத்தச் சொன்னவர்களும் ஒரே பக்கம் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிளினி எழுந்து, உயிரை எடு என்பவரும் உயிரோடு அனுப்பு என்பவரும் எப்படி ஒரு கட்சி ஆவார்கள், மூன்றையும் தனித்தனியே எண்ணவேண்டும் என்று வாதாடினார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் மூன்றாக எண்ணினால் தன் தரப்பே பெரியதாக நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் கேட்டபடியே ஆயிற்று. உடனே கொல்லச் சொன்னவர் தன் தீர்மானத்தைக் கைவிட்டுக் கடத்தல் தரப்போடு சேர்ந்துகொண்டார். நாடு கடத்தல் வென்றது. செய்தது சரியா என்று பிளினி சட்டம் தெரிந்த ஒரு நண்பருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். கடிதம் இன்றும் இருக்கிறது. அந்த அடிமைகளின் பெயர் எதுவும் நமக்கு வரவில்லை.

பிடித்ததற்கு ஓட்டுப் போடாமல், பிடிக்காததைத் தடுக்க ஓட்டுப் போடுவது என்று நம்மில் பலர் செய்வதைத்தான் கொல்லச் சொன்ன அந்த செனட்டர் செய்தார். நல்ல விதி ஒன்று இருந்தால் இதற்கெல்லாம் வேலை இருக்காதே என்று கேட்கலாம். 1951இல் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ அந்த ஆசைக்கு ஒரு கணித முடிவு சொன்னார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒன்றை விரும்பினால் அது மேலே வரவேண்டும். இருவருக்கிடையே யார் மேல் என்பது மூன்றாமவரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடாது. யார் எப்படி வரிசைப்படுத்தினாலும் விதி ஒரு சீரான வரிசையைத் தரவேண்டும். ஒரே ஆளின் விருப்பமே எப்போதும் முடிவாகக்கூடாது. கேட்பதற்கு எளிய இந்த நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் விதி கிடையாது என்று அவர் நிறுவினார். கிப்பர்ட், சாட்டர்த்வெய்ட் என்ற இரு அறிஞர்கள் 1970களில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவரோ வெல்ல வாய்ப்புள்ள எந்த விதியிலும், அது ஒரு சர்வாதிகாரியின் விதியாக இல்லாதவரை, மனதில் இருப்பதை மறைத்து ஓட்டுப் போட்டால் யாருக்காவது லாபம் கிடைக்கும் நேரம் வரும்.

இதைக் கேட்டதும் ஜனநாயகமே பொய் என்று முடிவுகட்டுகிற கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லா விதியிலும் குறை உண்டு என்றால் எல்லா விதியும் ஒன்றே என்று ஆகிவிடாது. அமர்த்திய சென் 1970இல் எழுதிய நூலும் பின்னர் எழுதியவையும் இந்த அவநம்பிக்கைக்கு நல்ல மருந்து. மக்களிடம் வெறும் வரிசையை மட்டும் வாங்கிக்கொண்டு வேறெதையும் கேட்கமாட்டேன் என்று உட்கார்ந்தால் அந்த முட்டுச்சந்துக்குத்தான் வருவோம், யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதையும் கேளுங்கள் என்றார் அவர். கோயில் கமிட்டியில் குளம் வற்றினால் யார் வீட்டுக் கிணறு வற்றும் என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சே வேறு பக்கம் திரும்பும் அல்லவா?

விதி என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 1978 அரசியலமைப்பின்படி அங்கே குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேர்வரை விருப்பு வாக்கு இடலாம். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற அனைவரையும் ஒரே வீச்சில் நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டில் அந்த இருவருக்கும் உள்ள அடுத்த விருப்பத்தை எண்ணவேண்டும். 1982 முதல் 2019 வரை அந்த ஏற்பாட்டுக்கு வேலையே வரவில்லை. எல்லாம் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தன. 2024 செப்டம்பரில் முதன்முறையாக வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு, சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடு. மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு சுமார் 33 லட்சம். இரண்டாம் எண்ணிக்கையில் அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867 சேர்ந்தன. கூட்டினால் 2 லட்சத்து 73 ஆயிரம். 33 லட்சத்தில் இவ்வளவுதான்! மீதிப் பேர் இவ்விருவரில் ஒருவரையும் குறிக்கவில்லை. பெரும்பாலோர் ஒரே குறியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. கடைசியில் வென்றவரிடம் இருந்தது மொத்தச் செல்லுபடி வாக்கில் 43 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோரின் ஒப்புதல் வேண்டும் என்பதற்காக எழுதிய விதி, மக்கள் பழகாததால் அதைத் தரவில்லை.

பழகியவர்கள் கையில் அதே கருவி எப்படி வேலை செய்தது என்பதற்கு 1969 ஆகஸ்டில் நடந்த நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பார்க்கலாம். ஜாகிர் ஹுசைன் மறைவுக்குப் பின் காங்கிரஸ் கட்சி நிறுத்தியவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னதன் பொருள், சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்குப் போடுங்கள் என்பது. சுதந்திரா, ஜனசங்கம் ஆதரவில் சி.டி. தேஷ்முக். வாக்கு மதிப்பில் முதல் எண்ணிக்கை: கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. ஏறத்தாழ 88,000 வித்தியாசம், கிரிக்கு எளிதான வெற்றி என்று தோன்றும். ஆனால் வெல்லத் தேவை 4,18,169. இங்கே இலங்கைபோல் ஒரே வீச்சு இல்லை. அடியில் இருப்பவர் ஒவ்வொருவராக வெளியேற, அவர் சீட்டு அடுத்தவருக்குப் போகும். எண்ணி முடித்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரிக்குச் சேர்ந்தது பதினெட்டாயிரத்துச் சொச்சம், ரெட்டிக்கு ஏறத்தாழ 92,000. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா எதிர்க்கட்சிகளிடம் இரண்டாம் முன்னுரிமை கேட்டுப் போனதும், அதையே சாக்காக வைத்து இந்திரா கட்சி வேட்பாளருக்கு எதிராகத் திரும்பியதும், ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்ததும் எல்லாம் சீட்டில் '2' என்ற எண்ணுக்கு இருந்த விலையால்.

உத்தரமேரூரை விட்டுவிட்டு இந்தத் தலைப்பில் பேசினால் இந்த அரங்கில் என்னை விடமாட்டீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க முப்பது குடும்புகள் என்ற வட்டங்கள், ஓலையில் பெயர், குடம், சீட்டை எடுக்க ஒரு சிறுவன். இதைத் தேர்தல் என்று மேடைதோறும் சொல்கிறோம். அது குலுக்கல். சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு என்று தகுதி வைத்த, பிராமணர் ஊரான பிரமதேயத்தின் உள்விவகாரமும்கூட. உழுதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதைச் சொல்வதால் அதன் கெட்டிக்காரத்தனம் குறைந்துவிடாது. முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. தகுதிச் சல்லடையைத் தாண்டியபின் பணத்துக்கும் தந்திரத்துக்கும் பிடிகொடுக்காத முறை அது. கிப்பர்டின் தேற்றம் சொல்லும் நோய் குலுக்கலை அண்டாது, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் விரும்பிச் சொல்லவே தேவையில்லை. விருப்பத்தைக் கேட்பதும் ஏமாற்றுக்கு இடம்கொடாமல் இருப்பதும் ஒருசேரக் கிடைப்பது அரிது என்பதைச் சோழநாட்டுச் சபையார் எந்தத் தேற்றமும் இல்லாமல் உணர்ந்திருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

சரி, நம்முடைய இன்றைய விதியை யார் வகுத்தார்கள்? அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில், பல உறுப்பினர் தொகுதிகளும் விகிதாசார முறையும் வேண்டும் என்று காஜி சையத் கரிமுத்தீன் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். எழுத்தறிவு பரவலாக இல்லாத நாட்டில் எண்ணிட்டு வாக்களிப்பது இயலாது. சட்டமன்றம் துண்டு துண்டாகிவிட்டால் நிலையான அரசு அமையாது. இவை அவர் சொன்ன காரணங்கள். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது என்பதை நினைத்தால் முதல் காரணத்தைக் குறைசொல்ல முடியாது. படித்தவருக்கு மட்டும் அந்தச் சீட்டு கொடுக்கப்பட்டது. நம் மேலவை 1986இல் கலைக்கப்படும்வரை பட்டதாரிகளும் ஆசிரியர்களும் 1, 2, 3 என்று எழுதித்தான் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த அரங்கில் அப்படி எழுதியவர்கள் சிலர் இருப்பீர்கள். மாநிலங்களவைக்கு நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த நமக்கு இயந்திரத்தில் ஒரு பொத்தான்.

அம்பேத்கரின் முதல் காரணம் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது தீரவில்லை, நிலையான அரசா, ஓட்டுக்கு ஏற்ற இடமா என்பதில் நேர்மையானவர்கள் இரு பக்கமும் நிற்கலாம். நான் எந்த முறைக்கும் பரிந்துபேச வரவில்லை. ஆனால் சங்கம், கூட்டுறவு, ஊர்க் கமிட்டி, மாணவர் மன்றம் என்று எதில் நீங்கள் இருந்தாலும், அடுத்த கூட்டத்தில் வேட்பாளர் பெயர்களுக்கு முன்னால், எப்படி எண்ணப் போகிறோம் என்பதை ஒரு தீர்மானமாக வைத்து விவாதியுங்கள். அந்த விவாதம் வேட்பாளர் யார் என்று தெரியாதபோதே நடக்கட்டும். தெரிந்தபின் நடந்தால் அவரவர் ஆளுக்கு வசதியான விதிக்குத்தான் கை தூக்குவார்கள்.