அயலாரைப் பற்றிய உண்மை: எட்டாம் கட்டளையும் எல்லைப்புற நகரமும்



பொய்ச் செய்தி என்பது தொழில்நுட்பத்தால் விளைந்த தொல்லையாகவோ, காவல்துறை கவனிக்க வேண்டிய குற்றமாகவோ இன்று பேசப்படுகிறது. கிறித்தவ மரபோ அதை முதலில் அயலாருக்கு இழைக்கப்படும் அநீதியாகக் காண்கிறது. பத்துக் கட்டளைகளுள் பொய்ச்சான்றைத் தடுக்கும் கட்டளை, கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எண்ணும் வரிசையில் எட்டாவதாக நிற்கிறது; அது பொய்யைப் பொதுப்படையாகக் கண்டிப்பதோடு நில்லாமல், பிறருக்கு எதிராகச் சொல்லப்படும் பொய்யைக் குறிப்பாகச் சுட்டுகிறது. ஆகவே ஒரு செய்தியை ஆராய்ந்த பின்னரே நம்புவதும் பகிர்வதும் இம்மரபில் அன்பின் கடமைகளுள் அடங்கும்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இக்கட்டளைக்கு எதிரான குற்றங்களுள் மூன்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள்ளேயே முடிவு செய்வது அவசரத் தீர்ப்பு; உண்மையாகவே இருக்கும் குறையைத் தக்க காரணமின்றி அறியாதவர்களிடம் எடுத்துச் சொல்வது புறங்கூறல்; இல்லாத குற்றத்தைச் சுமத்தி ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பது அவதூறு. வாய்திறந்து பேசுவதற்கு முன்பே, கைப்பேசியின் பகிர்வுப் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே, உள்ளத்தில் எழும் தீர்ப்பிலேயே பாவம் தொடங்கிவிடுகிறது என்பதே இப்பகுப்பின் சாரம்.

இதன் எடையை ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து மக்கள் நன்கு உணர முடியும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் நெடுங்காலமாகக் கலந்து புழங்கும் இம்மண்ணில், சிப்காட் தொழிற்சாலைகளும் கிரானைட் பட்டறைகளும் ரோஜா சாகுபடி செய்யும் பசுமைக் குடில்களும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலங்களின் தொழிலாளர்களுக்கும் பிழைப்பு தருகின்றன. பெங்களூருவோ சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. இத்தகைய இடத்தில் அயலார் என்ற சொல் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்பவரையும் அடுத்த அறையில் வாடகைக்கு இருப்பவரையும் குறிக்கிறது.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் சொல்லும் காணொளிகள் வட மாநிலங்களில் வேகமாகப் பரவின. அவற்றுள் இரண்டைப் பற்றி விளக்கமளித்த அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு, ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த மோதல் என்றும், இரண்டுமே பழையவை என்றும் தெளிவுபடுத்தினார். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழுவும் நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்துச் சென்றது. ஆயினும் அதற்குள் ஊரிலிருந்து தாயும் மனைவியும் அழைத்து, வேலையை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வரும்படி கெஞ்சிய குடும்பங்கள் பல. ஹோலிப் பண்டிகைக்காக ஊருக்குக் கிளம்பியவர்களின் கூட்டமே அச்சத்தால் ஓடும் கூட்டமாகப் படம் பிடித்துக் காட்டப்பட்டது.

அச்சம் ஆட்கொண்ட இத்தகைய வேளைக்கென்றே 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரு நெறியை வகுத்திருக்கிறார். உள்ளத்தில் எழும் தூண்டுதல்களுள் இறைவனிடமிருந்து வருபவை எவை, வழிதவறச் செய்பவை எவை என்று பிரித்தறியும் பயிற்சிக்குத் தெளிந்து தேர்தல் என்று பெயர். 1548-இல் அச்சேறிய அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல், உள்ளம் இருண்டு கலங்கி அமைதியிழந்திருக்கும் நேரத்தில் புதிய முடிவு எதையும் எடுக்கலாகாது என்றும், அமைதியாக இருந்தபோது எடுத்த முடிவில் உறுதியாக நிற்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. செபவாழ்வுக்காக வகுக்கப்பட்ட இந்நெறி கைப்பேசிக்கும் அப்படியே பொருந்தும். படித்தவுடன் கோபமோ பீதியோ பொங்கி, உடனே பத்துப் பேருக்கு அனுப்பத் தூண்டும் செய்தி எதுவோ, அதுவே பொறுத்திருந்து ஆராயப்பட வேண்டிய செய்தி.

உண்மையான காட்சியும் பொய்ச்சான்றாகக்கூடும் என்பதற்கு 2016 செப்டம்பர் சான்று. காவிரிச் சிக்கல் கொதித்துக்கொண்டிருந்த நாளில், முகநூல் பதிவுக்காகப் பெங்களூருவில் தமிழ் இளைஞர் ஒருவர் அடிக்கப்பட்ட காணொளி பரவியது. அந்த அடி உண்மையே. ஆனால் அடித்த சிலருடைய குற்றம் ஒரு மாநிலத்தார் அனைவருடைய குற்றமாகப் பார்க்கப்பட்டது. செப்டம்பர் 12 அன்று சென்னையில் கர்நாடகத்தவரின் உணவகம் ஒன்று தாக்கப்பட, பெங்களூருவில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் பணிமனையிலேயே கொத்தாக எரிக்கப்பட்டன. பேருந்துகள் எல்லையைத் தாண்டாமல் நிறுத்தப்பட்டதால், ஒசூரை ஒட்டிய ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் மூட்டைமுடிச்சுகளைத் தூக்கிக்கொண்டும் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டும் நெடுஞ்சாலையில் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். நடந்தவர்களில் யாரும் யாரையும் அடித்தவர் அல்லர்.

இங்கேதான் இஞ்ஞாசியாரின் இன்னொரு நெறி தேவைப்படுகிறது. அயலாரின் கூற்றைக் குற்றமாகக் கொள்வதற்கு முன் அதற்கு நல்ல பொருள் காண முயல வேண்டும், அது இயலாவிட்டால் அவர் என்ன கருதிச் சொன்னார் என்று அவரையே கேட்க வேண்டும், அவர் தவறியிருந்தால் அன்போடு திருத்த வேண்டும் என்று அவர் தம் நூலின் தொடக்கத்திலேயே விதித்தார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, திருச்சபைப் பிளவில் எதிர்ப்புறம் நின்ற மார்ட்டின் லுத்தர், 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலில் எட்டாம் கட்டளையை விளக்குகையில் ஏறக்குறைய இதே கருத்தைச் சொன்னார்: அயலாரைப் பற்றிப் பொய் சொல்லாதிருந்தால் போதாது, அவருக்காகப் பரிந்து பேசி, எதையும் அவருக்கு நன்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மிசூரி லுத்தரன் அருட்பணி 1895-இல் கிருஷ்ணகிரியில்தான் இந்தியாவில் வேரூன்றத் தொடங்கியது. 1997-இல் உருவான தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டமும் கிருஷ்ணகிரி மாவட்டத்தை உள்ளடக்கியது. எனவே பிரிந்து நின்ற இரு மரபுகளும் ஒருமித்துச் சொல்லும் இப்பாடம் இவ்வட்டாரக் கிறித்தவர்களுக்கு இருவழியிலும் உரிய சொத்து.

சபை மக்களும் பொய்க்கு இரையாகிறார்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரி குடும்பங்களுக்கு நாளை மரண தண்டனை, உடனே செபியுங்கள் என்று சொல்லும் செய்தி, 2009 முதல் ஆண்டுக்கணக்காகத் திருச்சபைக் குழுக்களில் சுற்றி வருகிறது. 2007-இல் தென்கொரியக் கிறித்தவர்கள் 23 பேர் தாலிபான்களால் கடத்தப்பட்டு, இருவர் கொல்லப்பட்டு, மற்றவர்கள் விடுவிக்கப்பட்டது மெய். அந்த 22 குடும்பங்களின் கதை பொய். செபிப்பதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். செபத்தால் கெடுதல் இல்லை. ஆனால் தேதியில்லாத, அனுப்பியவர் பெயரில்லாத அச்செய்தி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பக்கத்து வீட்டு இசுலாமியரைப் பற்றிய அச்சமும் அதனோடு சேர்ந்து செல்கிறது.

ஆராயும் முறைக்குத் திருமறையிலேயே வழிகாட்டல் உண்டு. ஒரே சாட்சியைக் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்றும், நடுவர்கள் நன்கு விசாரித்தறிய வேண்டும் என்றும் இணைச்சட்ட நூல் பணிக்கிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், சூசன்னா மீது பழி சுமத்திய இரு முதியவர்களைத் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்க, இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். எங்கே என்ற எளிய கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றியது. தொழிற்பேட்டையில் எங்கே, எப்போது, யார் கண்டார் என்று கேட்பது இன்னும் எளிது. செய்தி யாரைப் பற்றியதோ அவரே பக்கத்தில் இருக்கிறார், அவரிடமே விசாரிக்கலாம்.

அவ்வாறு விசாரிக்கும்போது வேறு உண்மைகளும் வெளிப்படக்கூடும்: பிடித்தம் செய்யப்பட்ட கூலி, மிகை நேர வேலை, நெருக்கடியான தங்குமிடம். நல்லெண்ணத்தோடு பொருள்கொள்வது அநீதியை மூடி மறைப்பதாகாது. பொய்யான கொலைச் செய்தியை மறுப்பவருக்கு, மெய்யான முறையீட்டைக் கேட்டு, தொழிலாளர் அலுவலகம் வரையேனும் அதை எடுத்துச் செல்லும் பொறுப்பும் உண்டு. இப்பொறுப்பைப் பங்கு மன்றங்களும் சபைக் குழுக்களும் இளைஞர் இயக்கங்களும் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்று, வெளி மாநிலத் தொழிலாளரின் மொழி அறிந்த ஒருவரையேனும் தம்மிடையே கொண்டிருந்து, வதந்தி எழும் நாளில் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். எட்டாம் கட்டளை இவ்வட்டாரத்தில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதற்கு அதுவே அளவுகோல்.