அச்சும் தறியும்: இதழுக்கு உருக்கொடுத்த கைகள்



தறிக்காரர் பேச்சில் ‘அச்சு’ என்றால் பாவு இழைகளைச் சீராகப் பிரித்து நிறுத்தி, நாடா ஓடியபின் ஊடையை நெருக்கித் தட்டும் கருவி. அச்சகத்தார் பேச்சில் ‘அச்சு’ என்றால் எழுத்தைத் தாளில் பதிக்கும் தொழில். பட்டு நெய்யும் ஆரணியில் இரண்டு அச்சும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பவை. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் மலர் அச்சேறும் நேரத்தில், இதழுக்கும் நூலுக்கும் உருவம் தந்தே வாழ்நாளைக் கழித்த சிலரை நினைவுகூர்வது பொருத்தமாகும். எழுதியவர் பெயர் இதழில் இருக்கும். ஆசிரியர் பெயரும் இருக்கும். பக்கத்தை அமைத்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டுப்புடவையில் நெய்தவர் பெயர் இல்லாததைப் போன்றதே இதுவும்.

இத்துறையில் நெடுங்காலம் நிலைத்திருப்பது எப்படி என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் ஆசையும் உண்டு; அச்சமும் உண்டு. தமிழ் இதழியல் வரலாறு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. வெவ்வேறு வழிகளில் நடந்த சிலருடைய வாழ்வையே விடையாகத் தருகிறது.

முதல் வழி பேரிதழின் வழி. 1926 இல் தொடங்கப்பட்ட ஆனந்த விகடன், 1928 இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. அங்கே ஓவியர் மாலி கோட்டுச்சித்திரத்துக்கு ஒரு மரியாதையை ஏற்படுத்தினார். எழுத்துக்கு நடுவே இடம் நிரப்ப வைக்கும் பொருள் என்ற நிலையிலிருந்து, வாசகன் முதலில் தேடிப் பார்க்கும் பகுதி என்ற நிலைக்குச் சித்திரம் உயர்ந்தது. அவர் வழியில் வந்தவர் கோபுலு. 1924 இல் தஞ்சையில் பிறந்து, கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் பயின்றவர். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வெளிவந்தபோது, திரைப்படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த நாகசுர வித்துவானுக்கும் நாட்டியப் பெண்ணுக்கும் தமிழ் வாசகர் மனத்தில் முகம் கொடுத்தவர் அவரே. 1963 இல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1972 இல் ‘ஆட்வேவ்’ என்ற தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் நோயால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015 இல் மறைந்தார். பெரிய இதழ் அவரை வளர்த்தது. ஆனால் அந்த ஒரே நிழலில் அவர் காலம் முழுவதும் நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் வழி இதற்கு நேர் எதிரானது. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதன் முகப்பில் கவர்ச்சிப் படம் கிடையாது; எழுத்தே அதற்கு முகம். 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. இதழையும் நூல்களையும் தோளில் சுமந்து, ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றவர் அவர். 1962 இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தாங்கி வந்தது. புதுக்கவிதைக்கு அதுவே முதல் தொகைநூல்.

செல்லப்பாவை வடிவமைப்பாளர் என்று யாரும் சொல்வதில்லை. எனினும் ஒரு செய்தியை இங்குள்ள கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வணிக இதழ்களில் அக்காலத்தில் கவிதை பெரும்பாலும் கதை முடிந்து மிஞ்சிய இடத்தில் குடியிருந்தது. ‘எழுத்து’ அதற்குத் தனிப் பக்கம் கொடுத்தது. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் வெற்றிடம் சும்மா வருவதில்லை. வரி முடிந்த பிறகும் அதன் எஞ்சிய அகலம் முழுவதையும் வெற்று ஈயத் துண்டுகளால் நிரப்பினால்தான் எழுத்துகள் சட்டத்துக்குள் நிலைத்து நிற்கும். நான்கே சொல் கொண்ட வரிக்கும் அச்சுக்கோப்பவர் முழு வரிக்குரிய இடத்தை நிரப்பியாக வேண்டும். தாளோ விலை கொடுத்து வாங்கியது. கைப்பணத்தை இழந்து இதழ் நடத்திய ஒருவர், கவிதையின் வரி முறிகிற இடத்தில் பக்கத்தை வெறுமையாக விட இசைந்தார் என்றால், அந்த வெறுமைக்கும் விலை கொடுத்திருக்கிறார் என்பதே பொருள். புதுக்கவிதை தன் மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டது அந்தப் பக்கங்களில்தான்.

மூன்றாம் வழியே இவ்வூருக்கு மிக நெருக்கமானது. அது ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் வழி. திருச்சி மாவட்டத்தில் 1938 இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து, அரசினர் ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் பயின்றார். சிற்பி எஸ். தனபால் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1969 இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தியின் கோட்டோவியங்கள் அவர் பெயரை நாடறியச் செய்தன. அதே காலத்தில்தான் அவர் கோடுகள் சிற்றிதழ்ப் பக்கங்களுக்கும் வந்தன. 1968 இல் சேலத்திலிருந்து தொடங்கிய ‘நடை’, 1970 இல் சென்னையிலிருந்து தொடங்கிய ‘கசடதபற’ ஆகிய இதழ்களின் வாயிலாக அவரும் அவர் தலைமுறை ஓவியர்களும் எழுத்தாளர்களோடு கைகோத்தனர். ஞானக்கூத்தனின் முதல் தொகுதியான ‘அன்று வேறு கிழமை’ 1973 இல் ஆதிமூலத்தின் ஓவியங்களோடு வந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அக்கரிசல் மனிதர்களை வரைந்தவரும் அவரே. ஒரே கை ஐந்நூறு பிரதி அச்சாகும் இதழுக்கும் வரைந்தது. இலட்சக்கணக்கானோர் படிக்கும் இதழுக்கும் வரைந்தது. கோட்டின் தரம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

கோட்டோவியம் சிற்றிதழுக்கு ஏற்றதாக அமைந்ததில் தொழிற்காரணம் ஒன்றும் உண்டு. அன்று படத்தை அச்சிட ‘பிளாக்’ செய்தாக வேண்டும். ஒளியும் நிழலும் கலந்த புகைப்படமானால் அதனைப் புள்ளிகளாகப் பிரித்துச் செய்ய வேண்டும், செலவு கூடும், மலிவுத் தாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். கறுப்புக் கோடு மட்டுமேயான படத்துக்குச் சாதாரணக் கோட்டு பிளாக் போதும். முரட்டுத் தாளிலும் துலங்கும். ஏழை இதழின் தேவையும் ஓவியனின் தேர்ச்சியும் ஓரிடத்தில் சந்தித்தன. வறுமையை மறைப்பதற்காக அந்தக் கோடுகள் வரவில்லை. அந்த வறுமைக்குள்ளேயே முழுமையாக நின்றன.

அவர் செய்த மற்றொரு பணி தமிழ் எழுத்தின் உருவம் பற்றியது. ஈய எழுத்துகளில் தலைப்புக்குரிய பெரிய வடிவங்கள் அச்சகங்களில் மிகச் சிலவே இருந்தன. ஆகவே இதழின் பெயரையும் நூலின் பெயரையும் கையால் எழுதி பிளாக் செய்வதே வழக்கம். நெடுங்காலம் அது பெயர்ப்பலகை எழுத்தின் சாயலில், நிழலும் வளைவும் பூவேலையுமாக இருந்தது. ஆதிமூலம் தூரிகையின் இயல்பான ஓட்டத்தை எழுத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு ‘ழ’கரத்தின் சுழி, ஒரு ‘க’வின் முறிவு ஆகியவை ஓவியத்தின் கோடுகளாகவே நின்றன. 1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ‘லை’, ‘ணை’ போன்றவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் வழக்கொழியத் தொடங்கின. எழுத்தையே உருவமாகக் காண்பவருக்கு இம்மாற்றம் இலக்கணச் செய்தியன்று. கைப்பழக்கத்தையே மாற்றும் செய்தி. அந்த மாற்றத்தைக் கடந்துவந்த நூல் முகப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தமிழ் எழுத்து நவீனமான கதையைப் படித்துவிடலாம்.

இவ்வளவும் செய்தவர் எதனால் வாழ்ந்தார்? சிற்றிதழ் அவருக்குச் சோறு போடவில்லை, போட இயலாது. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். கைத்தறிக்குப் புதிய வடிவங்களை வரைந்து தருவதற்காக 1950களில் நாட்டின் பல நகரங்களில் உருவாகத் தொடங்கிய மையங்கள் அவை. கரைக்கும் முந்தானைக்கும் உரிய வடிவங்களை வரைவதே அங்குள்ள ஓவியர் பணி. அந்த வரைவு கட்டம் போட்ட தாளுக்கு மாறி, கட்டத்திலிருந்து துளை அட்டைக்கு மாறி, அட்டையிலிருந்து ஜக்கார்டு பெட்டி வழியாகப் பட்டிழைக்கு மாறுவதை ஆரணியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய கோட்டுக்குத் தறிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இரண்டு வேலைக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்றுண்டு. புடவையில் கரை பேசும்போது உடல் அமைதியாக இருக்க வேண்டும். முந்தானையில் ஜரிகையைக் கொட்டியவர், உடலில் புட்டாவை எவ்வளவு தள்ளித் தள்ளி வைப்பது என்று அறிந்திருக்க வேண்டும். எங்கே ஒன்றும் வைக்கக்கூடாது என்பதே நெசவு வடிவமைப்பில் கடைசியாகக் கைவரும் பாடம். கவிதைப் பக்கத்துக்கும் அதே பாடந்தான். 2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தபோது நாற்பது ஆண்டுகளின் நூல்முகப்புகள் அவருக்குப் பின் நின்றன. அவர் தொடக்க காலத்தில் வரைந்த சிற்றிதழ்கள் நின்றுபோய் நெடுங்காலமாகியிருந்தது. இதழின் ஆயுள் வேறு. இதழுக்கு உருக்கொடுத்த கையின் ஆயுள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வரிசையில் பதிப்பாளர் ஒருவரையும் சேர்க்க வேண்டும். ‘கசடதபற’ நண்பர் குழுவிலிருந்து வந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1974 இல் ‘க்ரியா’ பதிப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவர். பிரதியைச் செம்மைப்படுத்துவது, தாளைத் தெரிந்தெடுப்பது, ஓரம் விடுவது, முகப்பு அமைப்பது ஆகிய அனைத்தும் ஒரே வேலையின் பகுதிகள் என்பது அவர் கொள்கை. ஆதிமூலத்தின் முகப்புகள் பல அங்கிருந்து வந்தவையே. அவர்கள் உருவாக்கிய தற்காலத் தமிழ் அகராதி 1992 இல் முதற்பதிப்பும், 2008 இல் இரண்டாம் பதிப்பும், 2020 இல் மூன்றாம் பதிப்பும் கண்டது. மூன்றாம் பதிப்பு வெளிவந்த சில நாட்களில், 2020 நவம்பரில், கொரோனா நோயால் அவர் மறைந்தார். ஒரே அகராதியை மூன்று முறை திரும்ப நெய்த பொறுமையே நாற்பத்தாறு ஆண்டுத் தொழிலின் சாரம்.

இன்று கணினி வந்துவிட்டது. எவரும் பக்கம் அமைக்கலாம் என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். இதில் பட்டு நெசவுக்கும் பங்குண்டு. பிரான்சு நாட்டில் பட்டுக்குப் பேர்போன லியோன் நகரில் 1804 இல் ஜக்கார்டு தம் துளை அட்டைத் தறிப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லையேல் தூக்காது என்னும் அந்த எளிய ஏற்பாட்டை இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணக்குப் பொறியின் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினியின் முன்னோர் வரிசையில் தறிக்கு இடம் அப்படி வந்தது. ஆரணித் தறிமேல் தொங்கும் அட்டை மாலையும், இன்று இதழ் அமைக்கும் கணினியும் ஒரே கொடிவழியில் வந்த உறவினர். ஆனால் அட்டை தானாக வடிவத்தை நினைப்பதில்லை, கணினியும் அவ்வாறே. நூறு எழுத்துரு கிடைக்கிறது என்பதற்காக ஒரே பக்கத்தில் பத்து எழுத்துருவைப் போடுவது, ஜரிகை மலிந்தது என்று புடவை முழுவதும் ஜரிகையாக்குவது போன்றதாகும்.

இந்த வாழ்வுகளிலிருந்து கவிஞர்கள் பெறத்தக்கவை என்ன? தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நேரான விடை இது: இதழ்க் கலையில் நெடுங்காலம் நிலைத்தவர்களுள் பலர் அந்த இதழ் தந்த வருவாயால் நிலைக்கவில்லை. இன்னொரு தறியில் கூலிக்கு நெய்து இதழ்த் தறியைக் காத்தார்கள். அதை இழிவாக அவர்கள் கருதவில்லை; ஒரு தறியில் கற்றதை மறுதறிக்குக் கொண்டுவந்தார்கள். இது இளைஞர்க்கு ஊக்கம் தரும் செய்தி. அதே வேளையில், இலக்கிய உலகம் தீர்க்காத கடனையும் இது சொல்கிறது. நட்புக்காக வரைந்து தந்த கைக்குக் கூலி தராமலிருப்பது வறுமையால் நேர்ந்ததாக இருக்கலாம். பெயரும் தராமலிருப்பதற்கு வறுமை காரணமாகாது.

ஆகவே இப்பத்தாம் ஆண்டு மலரில் கவிதை எழுதியவர் பெயருக்குக் குறையாத எழுத்தில், பக்கம் அமைத்தவர், முகப்பு வரைந்தவர், மெய்ப்புத் திருத்தியவர், அச்சிட்டவர் பெயர்களும் இடம்பெறுதல் முறை. ஒவ்வொரு கவிதைக்கும் அது கேட்கும் வெற்றிடத்தை விடுதல் வேண்டும். பக்கத்துக்கு மூன்று கவிதை என்று அடைப்பது சிக்கனமன்று. மலரின் படிகள் சில, காலம் தாண்டிக் காக்கும் நூலகங்களுக்கும் போய்ச்சேர வேண்டும். பெயர்ப்பலகை ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992 இல் மறையும் வரை தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களுமே, சென்னையில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. பலகையில் எழுத்து வரைந்த கைதான் தமிழ் அச்சின் நினைவையும் காத்தது.

பட்டின் விலை ஏறலாம், இறங்கலாம், தறிகள் குறையலாம். இழையை அடுத்த இழையோடு எவ்வளவு நெருக்கத்தில் வைப்பது என்று அறிந்த கண் இவ்வூரில் இருக்கிறது. அந்தக் கண்ணைக் கவிதைப் பக்கத்தின் மேலும் வைத்தால், அடுத்த பத்தாண்டின் மலர் தமிழ்நாடு எடுத்துப் பார்க்கும் மலராக அமையும்.