குரலிசை கேட்க 8 வாட் போதுமா?



உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக வீடு. பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர் இசைத்தட்டுகளைக் கேட்பதுதான் அவருடைய மாலைப்பொழுது. சேமிப்பிலிருந்து பல ஆயிரம் வெள்ளி எடுத்து, 8 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்குகிறார். வீட்டில் இருந்த சிறிய ஸ்பீக்கர்களோடு அதை இணைக்கிறார். ஆலாபனை அருமையாக ஒலிக்கிறது. மிருதங்கம் சேர்ந்து, குரல் மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஒலி கரகரக்கிறது. "8 வாட் எங்கே போதும்? 100 வாட் வாங்குங்கள்" என்கிறார்கள் நண்பர்கள்.

பெரியவர் அவசரப்பட வேண்டாம். அவர் மாற்ற வேண்டியது ஆம்ப்ளிஃபயரை அல்ல, ஸ்பீக்கரை.

8 வாட் என்பது அற்பமான அளவு அல்ல. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930களில் திரையரங்கு ஆம்ப்ளிஃபயர்களுக்காக உருவாக்கியவைதான் 300ஏ, 300பி வால்வுகள். ஒரு வால்வு தனியாகத் தருவது ஏறத்தாழ 8 வாட். அதைக் கொண்டே சிறிய திரையரங்குகளில் படம் காட்டினார்கள். காரணம், திரைக்குப் பின்னால் இருந்த கூம்பு வடிவ ஸ்பீக்கர்கள். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊருக்கே கேட்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தத் திறனை 'உணர்திறன்' என்கிறார்கள். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே அதன் அளவு. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் இரு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வேண்டும்.

பெரியவரின் வீட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் உட்காரும் இடத்தில் சராசரி 75 டெசிபல் ஒலி இருந்தால் போதும். அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை இராது. தூரத்தில் குறைவதை ஈடுகட்ட 5 டெசிபல் சேர்க்க வேண்டும். மிருதங்கத்தின் அடிக்கும் குரலின் உச்சத்துக்கும் இன்னொரு 15 டெசிபல். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் வரவேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் அதற்கு 12 வாட்டுக்கு மேல் தேவை. 8 வாட் தடுமாறும். 94 டெசிபல் ஸ்பீக்கருக்கோ ஒன்றேகால் வாட்டே போதும். அதே ஆம்ப்ளிஃபயர், அதே இசைத்தட்டு. கரகரப்பு மட்டும் போய்விடும்.

குரலிசைக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. வாட்டை அதிகம் விழுங்குவது மிகத் தாழ்ந்த ஒலிகள். மனிதக் குரலின் ஆதார ஒலி பெரும்பாலும் 100 முதல் 1,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். வீட்டை அதிரவைக்கும் ஒலியைத் தேடாதவருக்குச் சிறிய ஆம்ப்ளிஃபயர் குறையே அல்ல.

உணர்திறன் மட்டும் போதாது. மின்மறுப்பையும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும், சில சுருதிகளில் அது 3 ஓமுக்கு இறங்கலாம், சிலவற்றில் 30 ஓமுக்கு ஏறலாம். இத்தகைய வால்வு ஆம்ப்ளிஃபயர் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஓரிடத்தில் ஒலியைக் கூட்டும், ஓரிடத்தில் குறைக்கும். பாடுபவரின் குரல் நிறமே மாறிவிடும். மின்மறுப்பு அதிகம் ஆடாத ஸ்பீக்கரே நல்லது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி இணைப்புகள் இருந்தால் இரண்டிலும் கேட்டுப் பார்க்கலாம். இதற்குச் செலவே இல்லை.

உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் மட்டம் என்றும் பொருளல்ல. பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஏறத்தாழ 83 டெசிபல்தான். ஆனாலும் குரலுக்குப் பேர்போனது. அருகில் அமர்ந்து மெல்லக் கேட்பவருக்கு அதுவும் பொருந்தும். ஆனால் ஒலியைக் கூட்டிக் கேட்க ஆசைப்படக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே பல நூறு வோல்ட் மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் தங்கும். மூடியைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கவும் வேண்டாம். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடலாம்.

ஹை-ஃபை கடைகளுக்குப் பெயர்பெற்ற அடெல்ஃபி கட்டடத்துக்குப் போகிறவர்கள், கடைக்காரர் போடும் இசைத்தட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. பழகிய தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். முடிந்தால் தம் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துப்போக வேண்டும். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா? 'ச' சீறாமல் வருகிறதா? பாடகர் மூச்சு எடுப்பது தெரிகிறதா? மிருதங்கம் சேர்ந்த பிறகும் குரல் குரலாகவே நிற்கிறதா?

இவற்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், 8 வாட் போதும். உட்லண்ட்ஸ் பெரியவர் தம் சேமிப்பில் மறுபடியும் கைவைத்து 100 வாட் தேட வேண்டியதில்லை.